இருமும் இரவு

தனசிங் ஐயா பக்கம் புரட்டும்போதெல்லாம் ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொள்வார். ரயில்வே அலுவலகத்தில் முப்பது வருஷம் ஃபைல் புரட்டிய பழக்கம். கிழக்குத் தாம்பரத்தில் அவர் வீட்டு முன்னறையில், கீர்த்தனைகளுக்கென்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்குவது பற்றிப் பேச மூன்று பேர் உட்கார்ந்திருந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், ஞானசௌந்தரி டீச்சரின் ஸ்வர நோட்டு அவர் மடியில் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் ஈரம் ஒரு வட்டமாக ஊறி, ஊதா மசியைக் கலைத்துக்கொண்டே போனது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக எழுதிச் சேர்த்த நோட்டு அது. கேட்டு வாங்கிவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்து, பெரியவர், சபைச் செயலாளர் என்று அடக்கிக்கொண்டாள்.

பத்திரிகை அவளுடைய யோசனைதான். பெண்கள் பள்ளியில் சங்கீத டீச்சர், நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பாள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் ராகத்தில் நம் ஆட்கள் கட்டிய கிறிஸ்தவக் கீர்த்தனைகள் ஊருக்கு ஊர் மெட்டு மாறி, பாதி மறந்தும் போய்க்கொண்டிருந்தன. வார்த்தைகளை அச்சடித்த புத்தகம் இருந்தது. மெட்டு எங்கேயும் இல்லை. மாதம் நான்கு பாட்டு, ஸ்வரத்தோடு, யார் கட்டியது என்ற விவரத்தோடு ஒரு சின்னப் பத்திரிகை வந்தால் போதும் என்று அவள் தனசிங் ஐயாவிடம் போய்ச் சொன்னாள். அவர் உடனே ஆசிரியர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பல்லாவரத்தில் அச்சகம் வைத்திருந்த ஜெபராஜைக் கூப்பிட்டுக்கொண்டார். ‘கீர்த்தனைச் சோலை’ என்று பெயரும் வைத்தார். 1968 ஈஸ்டருக்கு முதல் இதழ் என்று முடிவானது.

அன்றைக்குப் பேச்சில் பாதி நேரம் அட்டையில் யார் படம் போடுவது என்பதிலேயே போயிற்று. வேறு வழியில்லாமல் தன் படத்தையே போட வேண்டியிருக்கும் என்று தனசிங் ஐயா வருத்தப்படுகிற மாதிரி சொன்னார். ஜெபராஜ் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிற மனிதர்.

முதல் இதழின் முதல் பாட்டு எது என்பதில் மட்டும் டீச்சருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்தப் பாட்டு அவளுக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற செல்லியம்மாளிடமிருந்து. ஒருநாள் பள்ளி விட்டபிறகு செல்லியம்மாள் பெஞ்சை நகர்த்திக்கொண்டே ஆனந்தபைரவியில் என்னவோ முணுமுணுத்தாள். நெற்றியில் குங்குமம் வைத்த பெண்பிள்ளை வாயில் இயேசு பாட்டு. நின்று கேட்ட டீச்சருக்கு முதுகு சிலிர்த்தது.

இருமும் இரவிலும் உம்மை அழைப்பேன்,
இடையில் நின்றாலும் கேட்பீர் ஐயா.

எங்கே கற்றாய் என்று கேட்டதற்குச் செல்லியம்மாள், “என் நாத்தனாருக்கு டி.பி. சீக்கு வந்து சானடோரியத்துல படுத்துகினு இருந்தாளே, அப்ப சோறு எடுத்துகினு போவேன் டீச்சரம்மா. அங்க அமலராணியம்மான்னு ஒர்த்தங்க இருந்தாங்கோ. அவுங்க கட்னது. இப்ப மாடம்பாக்கத்துல தச்சுகினு கீறாங்கோ” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டீச்சர் மாடம்பாக்கம் போனாள். சேலையூரிலிருந்து வயல் வரப்பு மாதிரி ஒரு ரோடு. கோவிலுக்குப் பின்தெருவில் ஓட்டு வீட்டு வாசலில் தையல் மிஷினோடு அமலராணி இருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, மெலிந்த கழுத்து, புருஷன் இல்லை, பத்தொன்பது வயதில் ஒரு மகள். ஆர்.சி., அதாவது கத்தோலிக்கக் குடும்பம். ஐம்பத்தொன்றில் போய்ப் படுத்தவள், இரண்டு வருஷம் ஊசியாகக் குத்திக் குணமாகி வந்திருக்கிறாள். வார்டில் தூக்கம் வராத நேரங்களில் கட்டியது பதினான்கு பாட்டு. ஒரு ரூல் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். டீச்சர் கேட்டதும் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்து கொடுத்தாள். பாடியும் காட்டினாள், கேட்டதற்கு வார்டுக் கதையும் சொன்னாள். ‘இருமும்’ என்ற சொல்லில் ‘மும்’மை நீட்டி ஒரு கணம் நிறுத்தினாள். இருமல் வந்து போனபின் மூச்சுக்காகக் காத்திருக்கிற நேரம் அது. அதைக் கற்றுத் தெரிந்துகொண்டு செய்ய முடியாது என்று டீச்சருக்குத் தோன்றியது.

அமலராணியின் மகள் காப்பி கொண்டுவந்தாள். டீச்சர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிக் கீழே வைத்தாள். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த நோட்டை இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் விரித்துக் காயவைத்தாள். தொட்டபின் ஒவ்வொரு தடவையும் லைஃப்பாய் போட்டுக் கை கழுவினாள். பதினாலு வருஷத்துக்கு முன் ஆறிப்போன நோய் தாளில் உட்கார்ந்திருக்காது என்று படித்தவளுக்குத் தெரியும். தெரிந்தும் கழுவினாள்.

நோட்டைக் கொண்டுபோய்க் கமிட்டியில் வைத்தபோது தனசிங் ஐயா விரலை நாக்குக்குக் கொண்டுபோனார். டீச்சர் அது எங்கே எழுதப்பட்டது என்று சொன்னாள். விரல் பாதிவழியில் நின்றது. மடியிலிருந்த நோட்டை முழங்காலால் தரையில் நழுவவிட்டார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, பென்சில் முனையால் பக்கங்களைத் தள்ளிப் படித்தார். ஜெபராஜ் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐயாவின் மனைவி புஷ்பம் அம்மாள் வாசற்படியோடு நின்றுவிட்டாள். பலகாரத் தட்டு உள்ளே வரவில்லை. ஆனாலும் தனசிங் ஐயா பதினான்கு பாட்டையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் மேலே போனது. பாட்டுகள் பரவாயில்லை, இங்கேயே இருக்கட்டும், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றார். டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது. பாட்டு பிடித்ததே போதும் என்று சமாதானப்படுத்திக்கொண்டாள். ராகம், தாளம், ஸ்வரம் எல்லாம் அவள் தனித்தாளில் எழுதிக் கொடுத்தாள். முதல் பாட்டுக்கு ஒரு முன்னுரையும் எழுதினாள். நாலு இரவு அடித்துத் திருத்தி எழுதிய முன்னுரை.

மார்ச் முதல் வாரம் ப்ரூஃப் பார்க்கப் பல்லாவரம் போனாள். ரயிலிலிருந்து இறங்கினதுமே தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம் வந்து முகத்தில் அப்பியது. ஊறவைத்த தோலும் சுண்ணாம்பும் சேர்ந்த வாடை. சாக்கடையில் மஞ்சளாக நுரை நகர்ந்தது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே அச்சகத்துக்குள் போனாள். ஜெபராஜ் இல்லை. எழுத்துக் கோக்கிற முனிரத்தினம் மட்டும் இருந்தான். ஸ்வரத்துக்கு மேலேயும் கீழேயும் வருகிற ஸ்தாயிப் புள்ளிகளுக்கு அவனிடம் எழுத்து இல்லை. அந்த இடங்களிலெல்லாம் கமாவும் முற்றுப்புள்ளியும் போட்டு ஒப்பேற்றியிருந்தான். அதைச் சொல்லித்தர உட்கார்ந்தவள், முதல் பக்கத்தைப் பார்த்ததும் மற்றதை மறந்தாள்.

‘இனிய இரவிலும் உம்மை அழைப்பேன்’ என்றிருந்தது. அதன் கீழே, ‘இயற்றியவர்: சபைச் செயலாளர் தா. தனசிங்.’

தப்பாகக் கோத்திருக்கிறாய் என்றாள். முனிரத்தினம் கோபப்படவில்லை. கொக்கியில் குத்தியிருந்த கையெழுத்துப் பிரதியை உருவி நீட்டினான். அவள் எழுதிய தாள்தான். ‘இருமும்’ சிவப்பு மசியில் அடிக்கப்பட்டிருந்தது. ‘அமலராணி’யும் அப்படியே. முன்னுரைத் தாளில் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி. மற்ற மூன்று பாட்டில் இரண்டு அமலராணியின் நோட்டிலிருந்து எடுத்தவை, அவற்றிலும் தனசிங்தான். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் அந்த ஈர வட்டம் காய்ந்து கிடந்தது.

“எனக்கு இன்னா தெர்யும் டீச்சரம்மா. எய்தினத கோக்கறேன்” என்றான் முனிரத்தினம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றும் கேட்டான்.

அவள் வேண்டாமென்று வெளியே வந்தாள். ரோட்டில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. உள்ளே பார்த்ததற்கு இந்த நாற்றம் தேவலை என்றிருந்தது.

மறுநாள் மாடம்பாக்கம் போய் அமலராணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அமலராணி அழவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. மிஷின் மிதியிலிருந்து காலை எடுக்காமல் கேட்டாள். டீச்சர், தான் அவளைப் பற்றி எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தாள் என்று காட்டுவதற்காக, முன்னுரையின் நகலைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ‘காசநோய்ப் படுக்கையில் பூத்த கானமலர்’ என்பது தலைப்பு. வார்டு எண், ஊசி, இரத்தம் கக்கிய நாள், பக்கத்துப் படுக்கையில் செத்துப்போனவர்கள் எல்லாம் அதில் இருந்தன.

அமலராணி மெதுவாகப் படித்தாள். மகள் உள்ளே இருக்கிறாளா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

“இவளுக்குக் கீழ்க்கட்டளையில ஒரு இடம் வந்திருக்கு டீச்சர். மாப்பிள்ளை வீட்டுக்கு நான் சானடோரியத்துல இருந்தது தெரியாது” என்றாள். தாளை மடித்தாள். “அவரு என் பேரை எடுத்துட்டாரு. நீங்க என் பேரோட என் சளியையும் சேத்துப் போட்டிருக்கீங்க.”

இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் நாலு இரவு உட்கார்ந்து அடித்து அடித்து எழுதினோம் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. கானமலர். தன் கையாலேயே எழுதிய அந்தச் சொல்லைப் பார்க்க அவளுக்கே கூசியது. வெயிலில் காயவைத்த நோட்டும் குடிக்காமல் வைத்த காப்பியும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தனசிங் ஐயாவின் கைக்குட்டைக்கும் தன் சோப்புக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை என்று பட்டது. அதை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை. சொன்னால் இன்னொரு தடவை அவமானப்படுத்தின மாதிரி ஆகும். பாட்டையே வெளியில் விடாமல் இருந்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

“ஏன்? போடுங்க. பேரு மட்டும் போடுங்க, ஆஸ்பத்திரி வேணாம்” என்றாள் அமலராணி. “ஆனா இருமலை எடுக்கக் கூடாது. அதை எடுத்துட்டா அது என் பாட்டே இல்லை.”

அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுமே என்று டீச்சர் தயங்கினாள்.

“இருமுறவங்க எல்லாருமா போய் வார்டுல படுத்தாங்க? யாராவது கேட்டா ஜலதோஷம்னு சொல்லிக்கிறேன்” என்று அமலராணி துணியை ஊசிக்குக் கீழே நகர்த்தினாள்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் வாழைக்காய் பஜ்ஜி இருந்தது. டீச்சர் உட்காராமலே விஷயத்தைச் சொன்னாள். ஜெபராஜ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனசிங் ஐயா மென்றுகொண்டே சிரித்தார். எண்ணெய் உதட்டோரம் வழிந்தது. புறங்கையால் துடைத்து, கையை வேட்டியில் துடைத்தார்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இது வீட்டுல வச்சுப் பாடற பத்திரிகை. சாப்பாட்டு மேஜை மேல கெடக்கும். அதுல போய் இருமல் கிருமல்னு இருந்தா யார் கையால தொடுவா?” என்றார்.

வார்த்தையை மாற்றினது இருக்கட்டும், பெயரை ஏன் மாற்றினீர்கள் என்று அவள் கேட்டாள்.

“கரு அந்தம்மாவோடதா இருக்கலாம். உரு நான் குடுத்தது. எத்தனை இடத்துல திருத்தியிருக்கேன் தெரியுமா? அதுவுமில்லாம ஆர்.சி. பொம்பளை. நம்ம சபையில ஒத்துக்கணுமே. கர்த்தருக்கு மகிமை போனா சரி, யார் பேருல போனா என்ன?”

யார் பேரிலும் போகலாமென்றால் அமலராணி பேரிலேயே போகட்டுமே என்றாள் டீச்சர். அவர் இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். உதவி ஆசிரியர் என்று அவள் பெயரையும் உள்ளட்டையில் போடச் சொல்லியிருப்பதாகவும், இது அவளுக்கே தெரியாமல் வைத்திருந்த ஆச்சரியம் என்றும் சொன்னார். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் கண்ணாடி போட்ட வசனம், அதற்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்குத் தலை சாய்ந்து சாய்ந்து கறுத்த சுவர், தட்டு, ஜெபராஜின் குனிந்த வழுக்கை. எதன்மேலும் கண்ணை வைக்க முடியவில்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள், அமலராணியின் நோட்டைக் கொடுங்கள் என்றாள்.

நோட்டு வீட்டுக்குள் இல்லை. புஷ்பம் அம்மாள் உள்ளே வைக்க விடவில்லையாம். கொல்லைப்புறத்தில் கக்கூசை ஒட்டின விறகுக் கொட்டகையில், ஓட்டு இடுக்கில் ஒரு தினசரித் தாளில் சுருட்டிச் செருகியிருந்தார்கள். மேல் தாளில் பல்லி எச்சம் காய்ந்திருந்தது. கரையான் ஓரத்தை அரிக்க ஆரம்பித்திருந்தது. எடுத்துக் கொடுக்க யாரும் வரவில்லை. டீச்சர் விறகின்மேல் ஏறி நின்று தானே இழுத்தாள். தினசரித் தாளை அங்கேயே போட்டுவிட்டு, நோட்டை வெறுங்கையால் தட்டி, ரவிக்கையோடு அணைத்துக்கொண்டு பக்கச் சந்து வழியாகவே வெளியேறினாள்.

ஈஸ்டரன்று ‘கீர்த்தனைச் சோலை’ வந்தது. அட்டையில் தனசிங் ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கோ மேலே பார்த்தார். ஆராதனை முடிவில் புதுப்பாட்டைப் பாடப் போவதாக அவரே அறிவித்தார். ஆர்மோனியத்தின் முன் இருந்த டீச்சர் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சபை திரும்பிப் பார்த்தது. புள்ளிகள் இடம் மாறின அந்த ஸ்வரத்தைப் படித்துப் பாட அங்கே வேறு யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கனைப்பும் கிசுகிசுப்புமாகப் போனது. பிறகு யாரோ ஒரு பழைய கல்யாணப்பாட்டு மெட்டில் எடுத்துக்கொடுக்க, எல்லாரும் கைதட்டிக்கொண்டே ‘இனிய இரவிலும்’ என்று பாடினார்கள். தனசிங் ஐயா கண்ணை மூடி உருகி நின்றார். அது பொய் உருக்கம் இல்லை. அவர் உண்மையிலேயே தன் பாட்டென்று நம்பிவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. எழுந்து வெளியே போனாள்.

ஒரு வாரம் கழித்து அவர் அவள் வீட்டுக்கே வந்தார். ஒன்றுமே நடக்காதது போல, இரண்டாவது இதழுக்கு நாலு பாட்டு வேண்டும், ஸ்வரம் எழுதித் தரவேண்டும் என்றார். அவள் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. இந்தப் பக்கம் நின்றே முடியாது என்றாள். பொம்பளைக்கு இவ்வளவு கர்வம் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். சபையிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஆர்மோனியத்துக்கு வேறு ஆள் பார்த்தார்கள். பத்திரிகை இன்னும் இரண்டு இதழ் வந்து நின்றது. சோலையில் போட ஐயாவிடம் பாட்டு இருக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஞானசௌந்தரி தலைமை ஆசிரியையிடம் போய், பரீட்சைத் தாள் அடிக்கிற சைக்ளோஸ்டைல் மிஷினைச் சனிக்கிழமைகளில் தரமுடியுமா என்று கேட்டாள். மசியும் தாளும் தன்னுடையது என்றாள். மெழுகு ஸ்டென்சிலில் இரும்புப் பேனாவால் கையாலேயே எழுதினாள். அச்சகத்தில் இல்லாத புள்ளிகளை அங்கே எத்தனை வேண்டுமானாலும் வைக்க முடிந்தது, மேலே ஒன்று, கீழே ஒன்று. எட்டுப் பக்கம், நாலு பாட்டு, அறுபது பிரதி. தலைப்பில் ‘கீர்த்தனைத் தாள்’ என்று மட்டும். முன்னுரை கிடையாது. உருளையைச் சுற்றிச் சுற்றி முழங்கை வரை கறுப்பு மசி. செல்லியம்மாள் தாள்களை உலர்த்திக் கொடுத்து, தைக்கவும் உதவினாள்.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் போனபோது அமலராணி ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தாள். ‘இருமும் இரவிலும்.’ அதன்கீழே ‘இயற்றியவர்: ச. அமலராணி, மாடம்பாக்கம்.’ உதடு மட்டும் அசையப் பாட்டு முழுவதையும் ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள்.

கீழ்க்கட்டளைக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று டீச்சர் கேட்டாள்.

“அது முடியல டீச்சர். யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. பாட்டை வச்சு இல்லை, பழைய ஆளுங்க யாரோ. வீட்டுக்கு வந்தவங்க தண்ணிகூடத் தொடாம எந்திரிச்சுப் போனாங்க” என்றாள் அமலராணி, வேறு யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோல. மகள் உள்ளே அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். அரைக்கிற சத்தம் ஒரு நொடி நின்று மறுபடியும் தொடங்கியது.

ஞானசௌந்தரிக்கு அந்த மனிதர்களின் முகம் தெரியாது. ஆனாலும் அவர்கள் எழுந்த விதம், டம்ளரைப் பார்த்த விதம் எல்லாம் தெரிந்தன. அறுபது பிரதியையும் கொண்டுபோய் அவர்கள் வாசலில் வீச வேண்டும் போலிருந்தது.

அமலராணி தாளை இன்னும் கீழே வைக்கவில்லை. “இன்னொண்ணு குடுப்பீங்களா? மேடவாக்கத்துல என் பக்கத்துப் படுக்கைக்காரி பாலாம்பாள் இருக்கா. பிழைச்சு வந்து அவளும் பதினஞ்சு வருஷம் ஆச்சு” என்றாள். “இதுல ரெண்டாவது சரணம் அவ எடுத்துக்குடுத்தது. அவ பேரை அடுத்ததுல போடலாமான்னு அவளைக் கேக்கணும்.”

அவளிடம் நானே வந்து கேட்கிறேன், எந்தக் கிழமை போகலாம் என்றாள் ஞானசௌந்தரி.